சுவருக்கு அந்தப் பக்கம்: 'பசுமைப் படுக்கையறை' பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

காடு, ஆறு, அணை என்று வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த சூழலியல், கடந்த சில பத்தாண்டுகளில் வீட்டுக்குள் நுழைந்து, கடைசியாகப் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது. ரசாயனம் படாத பருத்தி விரிப்பு, ரப்பர்ப்பால் மெத்தை, நெடியில்லாத பெயிண்ட், ஐந்து நட்சத்திர ஏ.சி., ஜன்னலோரத்தில் காற்றைச் சுத்தப்படுத்தும் செடி. இவ்வளவும் வாங்கிப் போட்டுவிட்டால் உங்கள் படுக்கையறை சுற்றுச்சூழலுக்கு இசைவானதாகிவிடும் என்று பட்டியல் போட்டுத் தருகிறார்கள். இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். பட்டியலில் உள்ள பல விஷயங்கள் உண்மையும்கூட. நமது கேள்வி வேறு. அந்தப் பட்டியல் ஏன் நான்கு சுவர்களோடு நின்றுவிடுகிறது? வீட்டுக்குள் ஓர் அறையைத் தனியே பிரித்தெடுத்து, அதை மட்டும் தூய்மையாக்கிவிட முடியும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது?

படுக்கையறையின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்த அறை குளிர்ந்தபோதெல்லாம் சூடு வேறெங்கோ போயிருக்கிறது. அது வெளுத்தபோதெல்லாம் அழுக்கு வேறெங்கோ போயிருக்கிறது. தூங்குகிறவருக்காக யாரோ விழித்திருக்கிறார்கள். இந்த 'வேறெங்கோ', 'யாரோ' இரண்டையும் சேர்த்து எழுதாத வரைக்கும் பசுமைப் படுக்கையறை என்பது பழைய ஏற்பாட்டின் புதுப் பெயராகத்தான் இருக்கும்.

1

படுக்கையறை இயற்கையானதல்ல, கட்டமைக்கப்பட்டது. நோர்பெர்ட் எலியாஸ் 1939இல் வெளியான தமது நாகரிகமயமாதல் பற்றிய நூலில், மத்தியகால ஐரோப்பாவில் உறங்குமிடம் இன்றுபோல அந்தரங்கமாக இருக்கவில்லை என்று விரிவாகக் காட்டினார். பலபேர் ஒரே அறையில், ஒரே கட்டிலில்கூடப் படுத்தார்கள். விருந்தினரைப் படுக்கையறையிலேயே வரவேற்றார்கள். பதினான்காம் லூயி வெர்சாயில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே ஓர் அரசவைச் சடங்கு. அறைகளுக்கு வெளியே நடைபாதை வைத்து, ஒவ்வொரு அறைக்கும் ஒரு வேலை என்று பிரித்துக் கட்டும் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவியது என்பார் பிலிப் ஆரியே. பாலியலுக்கு அங்கீகாரம் பெற்ற ஒரே இடமாகப் பெற்றோரின் படுக்கையறை ஆக்கப்பட்டதைப் பூக்கோ 1976இல் சுட்டிக்காட்டினார். ஆக, பூட்டிய கதவும் தனிக் கட்டிலும் முதலாளிய மத்தியதர வர்க்கம் தன் உடலைப் பற்றிக் கொண்ட ஒரு கருத்தின் கட்டடவடிவம்.

தமிழ்ச் சூழலில் கதை வேறு மாதிரி. சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என்று இரண்டைப் பேசுகிறது. வெயில் காலத்தில் ஓரிடம், குளிர் காலத்தில் ஓரிடம். நெடுநல்வாடையில் வேனிற்பள்ளியின் தென்றல் வரும் சாளரம் வாடைக்குப் பயந்து இறுக மூடப்பட்டிருக்கிறது. விசிறி சும்மா தொங்க, அதில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. தடவில் நெருப்பு எரிகிறது. பருவத்துக்கேற்ப அறையை மாற்றுவதைவிட உடம்பை இடம் மாற்றுவது எளிது என்ற அறிவு இதில் இருக்கிறது. 'அப்பவே நம்மாளு பசுமையாத்தான் இருந்தான்' என்று உடனே மார்தட்டக் கிளம்பிவிட வேண்டாம். இரண்டு பள்ளிகள் மாடம் வைத்துக் கட்டியவனுக்கு. அதே நெடுநல்வாடையின் அரசி படுத்திருப்பது யானைத் தந்தத்தில் கால் செய்த கட்டில். அரசன் போர்ப் பாசறையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டிலுக்குத் தந்தம் எந்த வழியாக வந்தது என்று யோசிக்கப் பாட்டே இடம் வைக்கிறது.

சாதாரண ஜனங்களுக்குப் படுக்கையறை என்று ஒன்று இருந்ததில்லை. பாய்தான் படுக்கையறை. ராத்திரி விரித்தால் அறை, காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அதே இடம் அடுப்படி, களம், திண்ணை. பொருள் அளவில் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான படுக்கையறை சாத்தியமில்லை. ஆனால் பாய் எங்கே விரிக்கப்பட்டது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. தென்றல் வீசும் திண்ணையும் கயிற்றுக் கட்டிலும் ஆண்களுக்கு. பெண்கள் அடுப்புச் சூடு இன்னும் ஆறாத உள்கட்டில் பிள்ளைகளோடு. மாதத்தில் மூன்று நாள் அவளுக்குத் தனிப் பாய், வீட்டுக்கு வெளியே ஒரு மூலை. பண்ணையாளுக்கு மாட்டுக் கொட்டகையும் வைக்கோலும். காற்றோட்டம் என்பது எப்போதுமே பங்கு போடப்பட்ட சொத்து. அந்தப் பங்கைச் சாதியும் பாலும் பிரித்தன. மண்வீடு, திண்ணை, ஓலைக்கூரை என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிற சூழலியலாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2

'பச்சைப் படுக்கையறை' என்ற சொல்லை ஐரோப்பா ஒருமுறை அதன் நேர்ப்பொருளிலேயே பார்த்திருக்கிறது. 1775இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். 1814இல் இன்னும் பளிச்சென்ற இன்னொரு ஆர்சனிக் பச்சை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்நகரங்களில் புகையும் கரியும் மண்டிக் கிடக்க, வீட்டுக்குள்ளாவது இலையும் கொடியும் இருக்கட்டும் என்று மத்தியதர வர்க்கம் சுவர்களில் பச்சைக் காகிதம் ஒட்டிக்கொண்டது. வெளியே அழித்த இயற்கையை உள்ளே ஓவியமாக ஒட்டுவது. இன்றைய ஜன்னலோரச் செடிக்கு இது பாட்டி முறை.

அந்தச் சுவர்கள் உதிர்த்தது விஷம். 1862இல் லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது பச்சைக் காகிதத்தின் மேல் சந்தேகம் திரும்பியது. ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை ஆர்சனிக்கை வாயுவாக்கிவிடுகிறது என்று இத்தாலிய அறிவியலாளர் கோசியோ 1890களில் காட்டினார். அந்த வாயு எவ்வளவு கொடியது என்பதில் பின்னாளில் மாற்றுக் கருத்துகள் வந்தன. உதிர்ந்த தூசியின் விஷத்தில் சந்தேகமில்லை.

இங்கேதான் வில்லியம் மோரிஸ் வருகிறார். கைவினையின் அழகுக்காக வாதாடியவர், 1883இல் சோசலிச இயக்கத்தில் சேர்ந்தவர், இன்றைய பசுமைச் சோசலிஸ்டுகள் முன்னோடியாகக் கொண்டாடுகிறவர். அவருடைய நிறுவனத்தின் சுவர்க்காகிதங்களிலும் ஆர்சனிக் பச்சை இருந்தது. அவருடைய குடும்பச் சொத்தின் அடிப்படையோ தெற்கு இங்கிலாந்தின் டெவன் கிரேட் கான்சல்ஸ் சுரங்கப் பங்குகள். செம்பு எடுக்கத் தொடங்கிய அந்தச் சுரங்கம், பின்னர் உலகின் மிகப்பெரிய ஆர்சனிக் உற்பத்தியிடங்களில் ஒன்றானது. மோரிஸ் 1871 முதல் 1875 வரை அதன் இயக்குநர்களில் ஒருவர். சூளையில் படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டியெடுத்த தொழிலாளிகள் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தோலில் களிமண்ணைப் பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுக்கு அந்தப் பச்சை எந்தச் சுவரிலும் இலையாகத் தெரிந்திருக்காது.

மோரிஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்து என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். வாங்குகிறவர்கள் பயந்தார்கள், 'ஆர்சனிக் அற்றது' என்று விளம்பரம் செய்த காகிதங்கள் சந்தைக்கு வந்தன, படுக்கையறை சுத்தமானது. ஆர்சனிக் எங்கே போனது? அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் வண்டுக்கு அடிக்கும் பூச்சிமருந்தாக அதே பச்சை போய்ச் சேர்ந்தது. நுகர்வோரின் விழிப்புணர்வு ஓர் அறையை விடுவித்தது. விஷம் சுவரைத் தாண்டி வயலுக்கு நகர்ந்தது. அறை அறையாக நடக்கும் பசுமையாக்கத்தின் இலக்கணம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

3

குளிர்ச்சியின் வரலாறு இன்னும் வெளிப்படையானது. காலனிய மதராஸில் வெள்ளைக்காரர்களின் பங்களா படுக்கையறை மேற்கூரையில் பங்கா தொங்கும். அதன் கயிறு சுவரில் உள்ள ஓட்டை வழியே வராந்தாவுக்குப் போகும். அந்த முனையில் ஓர் ஆள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பான். துரை தூங்க வேண்டுமென்றால் அவன் தூங்கக் கூடாது. கண் அசந்தால் உதை. உதைபட்டுச் செத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வழக்குகளில் 'மலேரியாவால் மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, லேசாக உதைத்ததில் கிழிந்துவிட்டது' என்ற மருத்துவச் சாட்சியத்தைக் காட்டி அபராதத்தோடு தப்பிய வெள்ளையர்கள் பலர். செத்தவனின் உடம்பே செத்தவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் மின்விசிறி வந்தது. நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை. ஒரு மனிதன் விடுதலையானான். ஆனால் சுவரிலிருந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது. கயிறு போய்க் கம்பி வந்தது. கம்பியின் மறுமுனை எங்கே என்று பிடித்துக்கொண்டே போனால், சென்னைவாசி எண்ணூர்ப் பக்கம் போய்ச் சேருவார். அங்கே 1990களில் இயங்கத் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியிலிருந்து நிலக்கரி கப்பலில் வருகிறது. எரித்த சாம்பல், குழாய்களில் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடித்த மீனவர்களின் ஆற்றுப்படுகை சாம்பல் சேறானது. பங்கா இழுத்தவனையாவது வராந்தாவில் எட்டிப் பார்க்கலாம். இவர்கள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள்.

ஏ.சி. இதன் அடுத்த கட்டம். 1902இல் வில்லிஸ் கேரியர் இதை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போனதைத் தடுக்கத்தான். மனித உடம்பு பிற்பாடுதான் அந்தக் காகிதத்தின் இடத்துக்கு வந்தது. ஏ.சி. குளிரை 'உண்டாக்குவதில்லை' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது; அதற்காகத் தான் உறிஞ்சிய மின்சாரத்தையும் சூடாக மாற்றிச் சேர்த்தே கொட்டுகிறது. கொட்டும் இடம், பெரும்பாலும் ஏ.சி. இல்லாத பக்கத்து வீட்டு ஜன்னல். இதற்கு உள்ளே ஓடும் வாயுவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஓசோனைத் தின்ற குளோரோ ஃபுளோரோ கார்பன்களை 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்தியது. பதிலாக வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை, பூமியைச் சூடாக்கின. 410ஏ என்ற வாயு கரியமில வாயுவைப்போல 2,000 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. இவற்றைக் குறைக்க 2016இல் கிகாலியில் இன்னொரு ஒப்பந்தம் தேவைப்பட்டது. மறுபடியும் அதே கதை. ஒரு விஷத்தை ஒரு கதவு வழியே அனுப்பி, இன்னொன்றை இன்னொரு கதவு வழியே அழைப்பது.

4

இனி மெத்தைக்கும் விரிப்புக்கும் வருவோம். போடி, தேனிப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தை. தாமிரபரணிக் கரையில் பத்தமடைக் கோரைப்பாய். இரண்டும் மண்ணில் முளைத்து மண்ணுக்கே திரும்புபவை. இவற்றை ஓரங்கட்டியவை பாலியூரித்தேன் நுரைமெத்தையும் பிளாஸ்டிக் பாயும். பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஓட்டோ பேயரும் குழுவினரும் உருவாக்கினார்கள். நுரைமெத்தைக்கான ஐசோசயனேட்டைத் தயாரிக்க வழக்கமாகத் தேவைப்படுவது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு. 1984இல் போபாலில் கசிந்தது வேறொரு ஐசோசயனேட். அதுவும் ஃபாஸ்ஜீனிலிருந்து செய்யப்பட்டதுதான். மெத்தையில் படுப்பவர் போபாலின் மேல் படுக்கிறார் என்று அடுக்குமொழி பேச வேண்டியதில்லை. ஆனால் மென்மை என்று நாம் உணர்வது எவ்வளவு ஆபத்தான ஒரு வேதித்தொழிலின் கடைசிப் பக்கம் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது அமுங்கிப்போனதும் போய்ச் சேருகிற இடம் குப்பைமேடு.

அப்படியானால் பாய்க்குத் திரும்பிவிடலாமா? திரும்பலாம். ஆனால் 'கைவினை', 'பாரம்பரியம்' என்ற லேபிளோடு நிறுத்தக் கூடாது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோரையைக் கீறி, ஆற்றில் பல நாள் ஊறப்போட்டு, முடி நூலாகப் பிரித்து, குனிந்த முதுகோடு மாதக்கணக்கில் நெய்கிற முஸ்லிம் பெண்களின் கூலி அந்தக் குறியீட்டில் எழுதப்பட்டிருக்காது. இலவம்பஞ்சு பிரிக்கிறவர் நெஞ்சில் போய்ப் படியும் பஞ்சுத்தூசியும் 'இயற்கை'தான்.

விரிப்பில் இந்தக் கணக்கு நம் ஊர் ஆறுகளிலேயே ஓடுகிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் படுக்கையறைகளுக்கு விரிப்பும் தலையணை உறையும் தைத்து அனுப்புகிற ஊர் கரூர். அந்தச் சாயம் இறங்கிய ஆறு அமராவதி. பக்கத்தில் திருப்பூர் பனியனின் சாயம் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவுத் தொட்டியானது. தண்ணீர் திறந்துவிடாதே என்று விவசாயிகளே போராடிய விசித்திரமான அணை அது. அவர்கள் தொடுத்த நீண்ட வழக்கின் கடைசியில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு வந்த பிறகுதான் திறக்கலாம் என்றது. இது முக்கியமான திருப்பம். எங்கோ ஒருவர் வெளுத்த விரிப்பில் படுப்பதற்கான விலையை நொய்யல் விவசாயி தன் கிணற்றிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியது வாங்குகிறவரின் நல்ல மனசல்ல, கொடுக்கிறவரின் போராட்டம்.

5

இப்போது அடிப்படையான ஒரு கேள்வி. படுக்கையறை யாருக்கு இருக்கிறது?

2000ஆம் ஆண்டு முதல் சென்னை நகருக்குள்ளிருந்து பிடுங்கி கண்ணகி நகரில் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களுக்குத் தரப்பட்ட ஆரம்பகால வீடுகள் 200 சதுர அடியைத் தாண்டாதவை. அங்கே வீடே படுக்கையறை, சமையலறை, படிப்பறை. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரியில் அந்தச் சூட்டை உள்ளே உமிழும். ஜன்னலைத் திறந்தால் கொசு. அதோடு பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரைத்தள ஜன்னலை ராத்திரி திறந்து வைக்க எத்தனை பேர் துணிவார்கள்? ஆகவே மூடிய அறையில் கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏ.சி. அறைக்காரர் சூட்டை வெளியே தள்ளுகிறார். இவர்களுக்குத் தள்ள 'வெளி' இல்லை. இவர்கள் இருக்கும் இடமே மற்றவர்களின் வெளி.

பசுமைப் படுக்கையறைப் பட்டியலை இந்த இடத்திலிருந்து திருத்தி எழுதலாம். தனிமனிதர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. கொசுவத்தியை விடக் கொசுவலை நல்லது. மொட்டைமாடியில் சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் கீழ் அறைச் சூடு தணியும். ஏ.சி. இருப்பவர் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 26இல் வைத்து மின்விசிறியையும் ஓட்டலாம். இருக்கிற கட்டிலைப் பழுது பார்ப்பது புதுப் 'பசுமைக் கட்டில்' வாங்குவதைவிடப் பசுமையானது. காற்றைச் சுத்தம் செய்யும் செடியை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். திறந்த ஜன்னலுக்கு ஈடாக வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்துச் செடியிலிருந்து ஆயிரம் செடிவரை தேவைப்படும் என்று 2019இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். செடி அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் முழுவதும் கூட்டாகக் கேட்க வேண்டியவை. அரசு கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் எதிரெதிர் ஜன்னல் இருக்க வேண்டும் என்பது ஒரு சூழலியல் கோரிக்கை. அந்த ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு பெண் பயமின்றித் தூங்குவது இன்னொரு சூழலியல் கோரிக்கை. தேங்கிய சாக்கடையை எடுப்பது, சாம்பல் குழாயை அடைப்பது, சாயநீரை ஆற்றில் விடாமலிருப்பது, பாய் நெய்கிறவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கொடுப்பது எல்லாமே படுக்கையறையைப் பசுமையாக்கும் வேலைகள்தான். இவற்றை எந்த வீட்டு அலங்காரக் கடையிலும் வாங்க முடியாது.

ஆர்சனிக் சுவரிலிருந்து வயலுக்குப் போனது. பங்காவின் கயிறு கம்பியாகி எண்ணூருக்குப் போனது. விரிப்பின் நிறம் அமராவதிக்குப் போனது. நம் அறையிலிருந்து ஒன்றைப் 'போக்கிவிட்டோம்' என்று யாராவது சொன்னால், அது எங்கே போனது என்ற கேள்வியை அடுத்த நொடியே கேட்பது நம் பழக்கமாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத பசுமை, தூக்கத்தைத் தவிர வேறு எதையும் தராது.